ஐம்பது வயதில் முழுநேர ஓவியர்: ஹெக்டர் இப்போலித்தின் மூன்று ஆண்டுகள்

ஹெய்ட்டி நாட்டு ஓவியர் ஹெக்டர் இப்போலித் வேறு வேலைகளை விட்டுவிட்டு ஓவியத்தை மட்டுமே பிழைப்பாகக் கொண்டது 1945-ல். அப்போது அவருக்கு ஐம்பது வயது ஆகியிருந்தது. 1948 ஜூனில் மாரடைப்பில் இறந்துபோனார். இந்த இரண்டுக்கும் நடுவில், மூன்று ஆண்டுகூட நிறையாத காலத்தில், இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் வரைந்திருக்கிறார். ஓவியப் பள்ளி எதிலும் படித்ததில்லை. ஆனாலும் கரீபியன் ஓவியம் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் முதலில் வரும் பெயர்களில் அவருடையதும் ஒன்று.

அவரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒரு கதவில் ஆரம்பிக்கும். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸிலிருந்து வடக்கே சான்-மார்க் போகும் கடலோரச் சாலையில் மோன்ட்ருயி என்றொரு ஊர். அங்கே ஒரு மதுக்கடையின் கதவில் பறவைகளும் பூக்களும் வரைந்திருந்தன. சாலையில் போன டிவிட் பீட்டர்ஸ் என்ற அமெரிக்கரின் கண்ணில் அது பட்டது. பின்னர் அவரும் ஹெய்ட்டி எழுத்தாளர் ஃபிலிப் தோபி-மார்செலானும் வரைந்தவரைத் தேடிப் பிடித்தார்கள். ஏழைப் பூசாரி ஒருவர் உலக ஓவியராகிவிட்டார். இதுதான் கதை.

கதவும் உண்மை, அதைப் பார்த்ததும் உண்மை. ஆனால் கதையை இப்படிச் சொல்லும்போது முக்கியமான பங்கு காணாமல் போகிறது. பீட்டர்ஸ் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே இப்போலித் காசுக்குத் தூரிகை பிடித்தவர். கதவில் பூ வரைந்ததும் கூலிக்குத்தான். அப்படியிருக்க, 1945-ல் அவரிடம் புதிதாக என்ன வந்து சேர்ந்தது? திறமை ஏற்கெனவே இருந்தது. புதிதாக வந்தது வேறு. அதைப் புரிந்துகொள்ள அவருடைய முந்தைய வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

1894-ல் சான்-மார்க்கில் பிறந்தவர் இப்போலித். அப்பா, தாத்தா இருவருமே வோடு மதப் பூசாரிகள். அந்த மதத்தில் பூசாரியை ஊங்கான் என்பார்கள். தெய்வங்களை லுவா என்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் காங்கோ பகுதியிலிருந்தும் அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்கள் தங்கள் வழிபாடுகளை ஒன்றுசேர்த்து, பிரெஞ்சு எஜமானர்களின் கத்தோலிக்க உருவங்களையும் அதில் கலந்து வளர்த்த மதம் அது. திரைப்படங்கள் அதைச் சூனியமாகவும் ஊசி குத்திய பொம்மையாகவும் காட்டிக் காட்டிக் கெடுத்துவைத்திருக்கின்றன. ஹெய்ட்டி மக்களுக்கோ அது நோய்க்கு மருந்து, இறந்தவர்களோடு உறவு, ஊர் வழக்குக்குத் தீர்ப்பு எல்லாம்தான்.

இளவயதில் அவர் செருப்புத் தைத்தார். வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தார். நாற்காலி, மேசைகளில் பூவேலை வரைந்து கொடுத்தார். 1915 முதல் 1934 வரை ஹெய்ட்டி அமெரிக்க ராணுவத்தின் பிடியில் இருந்தது. அந்தக் காலத்தில் அஞ்சலட்டைகளில் படம் வரைந்து அமெரிக்கச் சிப்பாய்களுக்கு விற்றார். தன் படத்துக்கு வெளிநாட்டார் காசு கொடுப்பார்கள் என்பது அவர் 1945-ல் புதிதாகத் தெரிந்துகொண்ட விஷயம் இல்லை.

கியூபாவுக்குப் போய்க் கரும்பு வெட்டினார் என்றும் சொல்கிறார்கள். அக்காலத்தில் ஹெய்ட்டியிலிருந்து ஏராளமானவர்கள் அங்கே கூலிக்குப் போனதால் அதை நம்பலாம். ஆனால் அவரே சொன்ன கதை இன்னும் பெரியது. கப்பலேறி நியூயார்க் போனேன், ஆப்பிரிக்கா போனேன், எத்தியோப்பியாவையும் மேற்கு ஆப்பிரிக்காவின் தஹோமியையும் (இன்றைய பெனின்) பார்த்தேன் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். இந்த ஆப்பிரிக்கப் பயணத்தை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. எனக்கோ அது பொய்யா மெய்யா என்பதைவிட, தஹோமியை அவர் தேர்ந்தெடுத்துச் சொன்னதுதான் முக்கியமாகப் படுகிறது. வோடு மதத்தின் பெரிய வேர்களில் ஒன்று அந்த மண்ணில் இருக்கிறது. ஒரு பூசாரி தன் ஞானம் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் விதமும் அதுதான்.

'தானே கற்றவர்' என்று அவரைச் சொல்லும்போது நாம் ஒன்றை விட்டுவிடுகிறோம். ஊங்கானின் தொழிலிலேயே வரைதல் இருக்கிறது. சடங்கு தொடங்கும்போது பூசாரி சோளமாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எடுத்து, கோலம் போடுவதைப் போலத் தரையில் சிந்தவிட்டு, வரப்போகும் தெய்வத்துக்குரிய சின்னத்தை வரைவார். அதற்கு வேவே என்று பெயர். ஓகூவுக்கு ஒன்று, எர்சுலிக்கு ஒன்று, பாம்பு வடிவான தம்பாலாவுக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. இடமும் வலமும் ஒத்துவர வேண்டும். கை நடுங்கக் கூடாது. அழித்து எழுதவும் வழியில்லை. கோயில் சுவர்களில் தெய்வ உருவங்கள் தீட்டப்பட்டிருக்கும். வீட்டுப் பீடங்களில் கடையில் வாங்கிய கத்தோலிக்கப் புனிதர் படங்கள் இருக்கும். குதிரைமேல் வாளோடு இருக்கும் புனித யாக்கோபை மக்கள் ஓகூவாகப் பார்ப்பார்கள். காலடியில் பாம்புகளோடு நிற்கும் புனித பேட்ரிக் அவர்களுக்குத் தம்பாலா. மூன்று தலைமுறைப் பூசாரிக் குடும்பத்துப் பிள்ளைக்கு இவையெல்லாம் சின்ன வயதிலிருந்தே கண்ணுக்கும் கைக்கும் பழக்கம். கலைப் பள்ளி இல்லையே தவிர, பயிற்சி இல்லாமல் இல்லை.

இந்தப் பயிற்சி அவர் ஓவியங்களில் பளிச்சென்று தெரியும். உருவங்கள் நம்மை நேருக்கு நேர் பார்த்து நிற்கும். சுற்றிலும் பூக்கள், பறவைகள். இரு பக்கமும் ஒன்றுக்கொன்று எடை சரிபார்த்த மாதிரி இருக்கும். தொலைவு காட்டும் விதிகள், நிழல் விழும் விதிகள் இவற்றைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. தெய்வம் எதிரே வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். அறைகலன்களுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயின்டையும், தூரிகை இல்லாதபோது கோழி இறகையும், சில சமயம் விரலையும் வைத்து வேகமாக வரைவார். அந்த வேகம் கோடுகளில் தங்கியிருக்கிறது. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்ததும் அதுதான்.

சரி, 1945-க்கு வருவோம். டிவிட் பீட்டர்ஸ் நீர்வண்ண ஓவியர். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியராக 1943-ல் ஹெய்ட்டிக்கு வந்தார். நாட்டில் ஓவியர்களுக்கென்று ஒரு கூடம்கூட இல்லை என்று கண்டு, ஹெய்ட்டி அறிவாளர்கள் சிலரோடு சேர்ந்து 1944 மே 14 அன்று போர்ட்-ஓ-பிரின்ஸில் சாந்தர் தார் என்ற கலை மையத்தைத் திறந்தார். ஆரம்பத்தில் அவர் மனதில் இருந்தது முறைப்படி ஓவியம் கற்றுக்கொடுக்கும் இடம்தான். படித்த, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் வந்து பாரிஸ் பாணியில் வரையக் கற்றுக்கொள்வார்கள் என்று நினைத்தார்.

அந்த நினைப்பை மாற்றியதில் தபாலில் வந்த ஒரு படத்துக்குப் பங்குண்டு. வடக்கே காப்-ஹெய்ட்டியன் நகரில் ஃபிலோமே ஓபான் என்பவர் இருந்தார். முடிதிருத்துபவர், எழுத்தர், காப்பிக்கொட்டை வாங்கி விற்பவர் என்று பல வேலை பார்த்தவர். அத்தனைக்கும் நடுவில், வாங்க ஆளே இல்லாமல், பல பத்தாண்டுகளாக வரைந்துகொண்டிருந்தார். 1934-ல் அமெரிக்க ஆக்கிரமிப்பு முடியும் தறுவாயில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காப்-ஹெய்ட்டியனுக்கு வந்ததை வரைந்து மையத்துக்கு அனுப்பினார். பீட்டர்ஸ் பணம் அனுப்பி, இன்னும் வரையுங்கள் என்று எழுதினார். கியூபாவிலிருந்து நவீன ஓவியக் கண்காட்சியோடு வந்த விமர்சகர் ஹோசே கோமெஸ் சிக்ரேயும், பள்ளி சாராத இந்த ஓவியர்களிடம்தான் விஷயம் இருக்கிறது என்று பீட்டர்ஸுக்கு எடுத்துச்சொன்னார். மோன்ட்ருயிக் கதவு திரும்பவும் ஞாபகத்துக்கு வந்ததும், தேடிப் போனதும் இந்தச் சூழலில்தான்.

இப்போலித் தலைநகருக்கு வந்து, த்ரூ த கோஷான் என்ற கடற்கரையோர ஏழைக் குடியிருப்பில் குடியேறினார். மையம் அவருக்குப் பெயின்டும் அட்டையும் பலகையும் கொடுத்தது. வரைந்ததை வாங்கிக்கொண்டது அல்லது விற்றுக் கொடுத்தது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் கூலிக்குக் கதவு வரைபவர் கடைக்காரர் கேட்டதை வரைய வேண்டும். வேலை இல்லாத வாரத்தில் செருப்புத் தைக்கவோ பெயின்ட் அடிக்கவோ போக வேண்டும். சொந்தமாக ஏதாவது வரையலாம் என்றால் பெயின்ட் காசு கையைக் கடிக்கும். நிலையாக வாங்கும் ஓர் இடமும், காசு போடாமல் கிடைக்கும் பொருளும் சேர்ந்தபோதுதான் தன் மனதில் இருந்ததை வரையும் நேரம் அவருக்கு முதல்முறையாகக் கிடைத்தது. அதற்கு ஐம்பது வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் மனது கனக்கிறது.

இன்னொரு பின்னணியையும் சொல்ல வேண்டும். 1941, 42-ல் ஹெய்ட்டியின் கத்தோலிக்கத் திருச்சபை, ஜனாதிபதி எலி லெஸ்கோ அரசின் ஆதரவோடு, வோடு மதத்துக்கு எதிராக 'மூடநம்பிக்கை ஒழிப்பு' இயக்கம் நடத்தியது. கோயில்களை இடித்தார்கள். முரசுகளையும் பூசைப் பொருட்களையும் குவித்து எரித்தார்கள். வோடுவைக் கைவிடுவதாக மக்களைச் சத்தியம் செய்யவைத்தார்கள். அது ஓய்ந்து மூன்று நான்கு ஆண்டுகளே ஆன நிலையில், தலைநகரின் நடுவில் ஒரு கலைக்கூடத்தின் சுவரில் ஓகூவும் எர்சுலியும் தம்பாலாவும் மரியாதையோடு மாட்டப்பட்டார்கள். அன்றைய ஹெய்ட்டியில் அது சின்ன விஷயமாக இருந்திருக்க முடியாது.

முழுநேர ஓவியராக மாறுவதற்கு அவருக்குப் பணமும் இடமும் மட்டும் போதவில்லை. அவர் பூசாரி. அந்த வேலையை நினைத்தபோது விட்டுவிட முடியாது; அது தெய்வங்களோடு செய்துகொண்ட ஏற்பாடு. அப்பாவும் தாத்தாவும் செய்து வந்த பொறுப்பு. ஓவியத்துக்காகப் பூசாரி வேலையைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கலாமா என்று லுவாக்களிடம் அனுமதி கேட்டேன், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள் என்று அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. இப்போது பூசாரி என்பதைவிட ஓவியன் என்றே தன்னைச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

பல ஓவியர்களின் வாழ்க்கையில் 'வேலையை விட்டேன்' என்று ஒரு கட்டம் வரும். பெரும்பாலும் முதலாளியிடம் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வருவதுதான் அது. இப்போலித் விடுப்பு கேட்டது தெய்வங்களிடம். அவர்கள் சம்மதிக்காமல் இருந்திருந்தால், மையம் எவ்வளவு பணம் கொடுத்திருந்தாலும் அவர் வந்திருக்க மாட்டார் என்றே நான் நம்புகிறேன். வந்த பிறகு வரைந்ததும் பெரும்பாலும் அவர்களைத்தான். கடல் தெய்வமான லா சிரேனைத் தன் தெய்வீக மனைவியாகவே கருதியவர் அவர். மீனுடல் கொண்ட அந்தத் தேவியைத் திரும்பத் திரும்ப வரைந்தார். சம்பாதித்த காசில் கடற்கரையில் ஒரு படகு கட்டிக்கொண்டிருந்தார். பூசாரி வேலை நின்றதே தவிர, பக்தி நிற்கவில்லை.

1945 டிசம்பரில் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்திரே ப்ரெட்டன் ஹெய்ட்டிக்கு வந்தார். கனவையும் ஆழ்மனதையும் கலையின் ஊற்றாகக் கொண்ட சர்ரியலிச இயக்கத்தின் தலைவர். கியூப ஓவியர் விஃப்ரெடோ லாமும் அப்போது அங்கே இருந்தார். மையத்தில் இப்போலித்தின் ஓவியங்களைப் பார்த்துவிட்டு ப்ரெட்டன் ஐந்தும் லாம் இரண்டும் வாங்கினார்கள். இந்தக் கை நவீன ஓவியத்தையே புரட்டிப்போடும் என்ற அளவுக்கு ப்ரெட்டன் வியந்தார். பின்னர் அவரைப் பற்றி விரிவாகவும் எழுதினார். 1947-ல் பாரிஸில் யுனெஸ்கோ ஏற்பாடு செய்த கண்காட்சியில் இப்போலித்தின் ஓவியங்கள் இடம்பெற்றுப் பேசப்பட்டன. அவர் வரைந்த 'காங்கோ அரசி' நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ப்ரெட்டனின் வியப்பு உண்மையானது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் தேடிவந்தது ஐரோப்பியக் கலப்பில்லாத, பகுத்தறிவு தொடாத ஆதி மனதை. இப்போலித்தை அப்படியே பார்த்தார். இப்போலித்தோ அமெரிக்கச் சிப்பாய்க்கு அஞ்சலட்டை விற்றவர், கத்தோலிக்க அச்சுப் படங்களைக் கரைத்துக் குடித்தவர், கடைக்காரர்களோடு பேரம் பேசிப் பழகியவர். வாங்குபவர் ஓவியரிடம் எதைப் பார்க்க விரும்புகிறாரோ அதுவே சந்தையில் அவருடைய முகமாகிவிடுகிறது. முழுநேர ஓவியராக இருப்பதில் உள்ள பெரிய சிக்கல் இது என்று நினைக்கிறேன். கூலிக்கு வரைந்தபோது கடைக்காரர் பூ கேட்டார். இப்போது சேகரிப்பாளர்கள் தெய்வம் கேட்டார்கள். இப்போலித்துக்கு நல்லவேளையாக, அவர் வரைய ஆசைப்பட்டதும் அதுவாகவே இருந்தது.

எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. அமெரிக்க எழுத்தாளர் செல்டன் ராட்மன் 1947-ல் மையத்தில் சேர்ந்த பிறகு, 'பேதைமையான, ஆதிகால' ஓவியம் என்ற முத்திரையோடு ஹெய்ட்டிப் படங்கள் அமெரிக்கச் சந்தைக்குப் போக ஆரம்பித்தன. 1949-ல் தலைநகரின் இருநூறாம் ஆண்டு விழாவுக்காகப் பெரிய உலகக் கண்காட்சி தொடங்கியது. சுற்றுலாப் பயணிகள் குவிந்தார்கள். வெளிச்சமான நிறத்தில் சந்தைக் காட்சியும் சடங்கும் இருந்தால் விற்றுவிடும் என்றாயிற்று. மையத்திலேயே இருந்த இளம் ஓவியர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. படித்து, நவீனமாக வரைய ஆசைப்பட்டால் நம் படத்தை யாரும் பார்ப்பதில்லை, அறியாமைக்குத்தான் மதிப்பா என்று கேட்டார்கள். 1950-ல் லூசியன் பிரைஸ், மாக்ஸ் பென்ஷினா, தியூதொன்னே செதோர் போன்றவர்கள் வெளியேறி வேறொரு மையம் தொடங்கினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. மையம் இல்லாமல் இப்போலித் இல்லை என்பதும் அதே அளவு உண்மைதான்.

அந்த மையத்தைச் சுற்றி முழுநேரக் கலைஞர்களானவர்களின் பழைய வேலைகளைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ரிகோ பெனுவா பீட்டர்ஸின் கார் ஓட்டுநர். காஸ்தேரா பாசீல் அவர் வீட்டில் வேலை செய்தவர். குருவா-தே-பூக்கே ஊரில் கல்லறைச் சிலுவைகள் அடித்துக்கொண்டிருந்த கொல்லர் ஜார்ஜ் லியோதோவை 1953-ல் பீட்டர்ஸ் ஊக்கப்படுத்தப்போய், அவர் உலோகச் சிற்பி ஆனார். அந்த ஊரே பின்னாளில் உலோகக் கலைக்குப் பேர்போனதாயிற்று. கடல் தாண்டி ஜமைக்காவிலும் இதே வார்ப்புதான். ஜான் டங்க்லி கிங்ஸ்டனில் சலூன் வைத்திருந்தவர். காப்போ என்று அழைக்கப்பட்ட மாலிக்கா ரெனால்ட்ஸ், ஆப்பிரிக்க வழிபாடும் கிறிஸ்தவமும் கலந்த ரிவைவல் மதப் பிரிவின் போதகர். இப்போலித்தைப் போலவே மதத்திலிருந்து ஓவியத்துக்கு வந்தவர் அவர். 1979-ல் ஜமைக்காவின் தேசியக் கலைக்கூடம் இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தி, 'ஆதிகால' என்ற முத்திரையைத் தள்ளிவிட்டு 'உள்ளுணர்வு ஓவியர்கள்' என்று அழைத்தது.

இப்போலித் தன் வாய்ப்பைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்த வில்சன் பிகோ என்ற பையனிடம் கைத்திறன் இருப்பதைப் பார்த்து, கூட வைத்துக் கற்றுக்கொடுத்து, மையத்தில் சேர்த்துவிட்டார். பிகோவுக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். 1950, 51-ல் போர்ட்-ஓ-பிரின்ஸின் ஆங்கிலிக்கன் பேராலயமான சென்-திரினிதேயின் உட்சுவர்களில் மையத்தின் ஓவியர்கள் விவிலியக் காட்சிகளை வரைந்தார்கள். இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய கானா ஊர்த் திருமணத்தை, இருபது வயதை ஒட்டியிருந்த பிகோ வரைந்தார். இயேசுவும் சீடர்களும் கறுப்பு மக்களாக, ஹெய்ட்டி நிலத்தில், ஹெய்ட்டி முரசுகளுக்கு நடுவே இருந்தார்கள். குரு உயிரோடு இருந்திருந்தால் பெரிய சுவர் ஒன்று அவருக்குத்தான் போயிருக்கும்.

2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தில் பேராலயம் இடிந்தது. பிகோவின் சுவரும் பெனுவாவின் சுவரும் போயின. பதினான்கு சுவரோவியங்களில் மூன்றுதான் தப்பின: பாசீல் வரைந்த திருமுழுக்கு, ஃபிலோமே ஓபான் வரைந்த கடைசி இராவுணவு, பிரேஃபேத் துஃபோ வரைந்த ஊர்வலம். மையத்தின் கட்டடமும் விழுந்தது. ஹெய்ட்டிக்காரர்களும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவன வல்லுநர்களும் சேர்ந்து இடிபாடுகளிலிருந்து ஓவியங்களை எடுத்துச் சுத்தம் செய்தார்கள். தப்பிய மூன்று சுவரோவியங்களையும் பாதுகாப்பாகப் பெயர்த்தெடுத்தார்கள்.

தபாலில் படம் அனுப்பிய அந்த ஓபானுக்கு இப்போலித்துக்குக் கிடைக்காதது கிடைத்தது: நீண்ட ஆயுள். 1944-ல் ஐம்பதைத் தாண்டியிருந்த அவர் 1986 வரை இருந்தார். நாற்பது ஆண்டுக்கு மேல் ஓவியத்தாலேயே வாழ்ந்தார். காப்-ஹெய்ட்டியனில் தம்பி செனேக்கை வரையவைத்தார். மகன் அந்துவானும் ஓவியரானார். பூசாரி வேலை மூன்று தலைமுறையாக வந்த இப்போலித் குடும்பத்தில் ஓவியத்தை அடுத்த தலைமுறைக்குத் தர அவருக்கு நேரமில்லாமல் போயிற்று. ஓபான் குடும்பத்தில் ஓவியமே தலைமுறைத் தொழிலானது.